எட்டரை மணித் தண்ணீர்

வட்டகொடைக்கு மேலே மூன்று மைல் ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில் செபமாலை ஆபீஸ் சேவகராக இருந்தார். கடிதக்கட்டு சுமப்பதோடு மழை அளப்பதும் அவர் பொறுப்பு. 1968 ஏப்ரலில் அது கைக்கு வந்த நாள் முதல் ஒரு நாளும் தவறியதில்லை. காலை எட்டரைக்கு மழைமானியின் முன் நிற்பார். மூத்த மகளின் கல்யாணத்தன்றும் மாதா கோயிலில் சாமியார் காத்திருக்க, மழையை எழுதிவிட்டுத்தான் கோட்டு மாட்டினார்.

1981 ஜனவரியில் பல்கலைக்கழகத்திலிருந்து இருவர் வந்தார்கள். றோலண்ட் மண்ணையும் மரத்தையும் நீரையும் படித்தவர். டோரீன் மனிதர் வாழ்க்கையைப் படித்தவர். மலையும் அதில் வாழ்கிறவர்களும் இன்னும் நூறு வருஷம் தாக்குப்பிடிக்க என்ன வழி என்று கண்டறிவது இருவருக்கும் பொதுவான வேலை. ஒரே ஜீப்பில்தான் வருவார்கள். இறங்கியதும் அவர் ஓடைப் பக்கம் போவார், இவர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போவார். குறிப்புப் புத்தகங்கள் மட்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.

மேல் லயங்களில் முப்பத்தெட்டுக் குடும்பங்கள். அத்தனைக்கும் ஒரே பீலி. மலை இடுக்கில் ஊறும் தண்ணீர் அங்கே ஓர் இரும்புக் குழாய் வழியாக விழும். ஊற்றைச் சுற்றி அறுபது யூக்கலிப்டஸ் மரங்கள் நின்றன. பக்டரி அடுப்புக்கு விறகு போதவில்லை என்று மேலும் இரண்டு ஏக்கரில் அதையே நடத் தோட்ட மேலாளரான துரை நினைத்திருந்தார். உள்ள தண்ணீரும் போய்விடும் என்று பெண்கள் முறையிட்டார்கள். அளந்து பார்ப்போம், போதாதென்றால் நடவில்லை, சித்திரை வருஷம் பிறந்ததும் முடிவு சொல்கிறேன் என்றார் துரை.

அளக்கும் வேலை செபமாலைக்கு வந்தது. றோலண்ட் பத்து லீற்றர் தகரப் பாத்திரம் ஒன்றையும் நிறுத்துக் கடிகாரம் ஒன்றையும் கொடுத்து, மழை பார்த்த கையோடு பீலியையும் அளந்து கொப்பியில் எழுதிவிடச் சொன்னார். ஜனவரி 20 முதல் மார்ச் 22 வரை அறுபத்திரண்டு நாள். தகரம் நிரம்ப மிக அதிக நேரம் எடுத்த நாளில்கூட நாற்பத்து நான்கு செக்கன்தான். பெரிய கிளாக்கர் பெருக்கிப் பார்த்து, குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு லீற்றருக்கு மேல் வருகிறது, குறைச்சல் ஒன்றுமில்லை என்றார். செய்தி அன்றே லயங்களுக்குப் போய்விட்டது.

மாலையில் ஆபீஸ் படியிறங்கிய செபமாலையை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் வழியில் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் நின்றவள் மேல் லயத்து வீரம்மா.

"அண்ணே, ஒங்க கொப்பியில தண்ணி நல்லா ஓடுதாமே. எங்க கொடத்தையும் அதுக்குள்ளயே வச்சு ரொப்பிக்கலாமுங்களா?"

பின்னால் சிரிப்பு எழுந்தது. "நான் பொய் எழுதலயே, வீரம்மா" என்றார் அவர்.

"பொய்யின்னு யாரு சொன்னா? நீங்க பீலிக்கு வாற நேரம் நாங்க மலையில நிக்கிறோம். நாங்க வாற நேரம் நீங்க வீட்டுல தேத்தண்ணி குடிக்கிறீங்க. ஒரு நாளைக்கு நாலரைக்கு வந்து பாருங்க."

அவர் வீடு ஆபீசை ஒட்டியது, வாசலிலேயே குழாய். பீலியில் மாலையில் என்ன நடக்கிறதென்று அவர் பார்த்ததே இல்லை.

மறுநாள் நாலரைக்குத் தகரத்தோடு போனார். பீலியிலிருந்து லயத்து மூலைவரை வரிசையாகக் குடங்கள். தகரம் நிரம்ப இரண்டு நிமிடம் ஐந்து செக்கன். கடிகாரம் பழுதோ என்று மூன்று தரம் பிடித்தார், மாறவில்லை. விடிந்து எட்டரைக்குப் பார்த்தால் நாற்பத்து மூன்று செக்கன்.

அன்று கொப்பியின் பழைய பக்கங்களைப் புரட்டினார். அறுபத்திரண்டு எண்களில் ஒன்றும் பிழையில்லை. அந்தப் பிழையில்லாத எண்களை வைத்துத்தான் பீலியைச் சாகடிக்கப் போகிறார்கள். துரை முடிவு சொல்ல மூன்று வாரமே இருந்தது. ஒன்பது நாள், காலையிலும் மாலையிலும் அளந்தார்.

ஏப்ரல் 2ஆம் தேதி ஜீப் வந்தபோது இருவரையும் பிரிந்து போகவிடாமல் ஆபீஸ் விறாந்தையில் உட்கார வைத்து, தன் கொப்பியை நடுவில் விரித்தார். டோரீன் தன் புத்தகத்தைத் திறந்தார். முப்பத்தெட்டு வீட்டில் முப்பத்தொரு வீட்டுக்காரர் நாலு மணிக்குப் பிறகே தண்ணீர் எடுக்கிறார்கள், ஒரு குடம் நிரம்ப மூன்று நிமிடத்துக்கு மேல் என்று அதில் இருந்தது. மக்கள் கூட்டிச் சொல்வார்கள் என்று றோலண்ட் நினைத்திருந்தார். எண்களுக்கு மனிதரைத் தெரியாதென்று டோரீன் நினைத்திருந்தார். இப்போது இரண்டும் ஒன்றையே சொல்லின.

றோலண்ட் கொப்பியையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு விளக்கினார். வெயில் ஏற ஏற மரங்கள் நிலத்து நீரை உறிஞ்சும். மாலையில் ஊற்று மெலிந்துவிடும். இரவில் மரம் ஓய, ஊற்று தேறி, காலையில் நிறைந்து நிற்கும்.

"மழைக்கு எட்டரை சரி. தண்ணிக்கும் அதே நேரம்னு சொன்னது நான்தான்" என்றார்.

"நானும் ஏன்னு கேக்கலைங்களே சார்" என்றார் செபமாலை.

அறிக்கை ஒன்றாகவே போனது. ஒரே தாளில் ஒரு பக்கம் மணிக்கு எத்தனை லீற்றர், மறுபக்கம் அதே மணிக்கு எத்தனை குடம். துரை அதைப் படித்துவிட்டு ஒருநாள் நாலரைக்குப் பீலியில் வந்து நின்றார். புது மரங்கள் வேறொரு சரிவுக்குப் போயின. ஊற்றடியில் நின்ற அறுபதும் வெட்டுண்டு பக்டரி அடுப்புக்கே விறகாயின.

ஆனால் வெட்டிய கட்டையிலிருந்து யூக்கலிப்டஸ் மறுபடி துளிர்க்கும். அதைக் கவனிக்கத் தனியாக ஆள் தர முடியாது என்றது ஆபீஸ். டோரீன் லயத்தில் விஷயத்தைச் சொன்னபோது வீரம்மாவுக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை. "தண்ணிக்கு நிக்கிற நேரம் கை சும்மாதானே இருக்கு, கொழுந்து எடுக்கிற கைதானே" என்றாள். அன்றிலிருந்து குடம் வரிசையில் இருக்க, பெண்கள் கட்டைகளைச் சுற்றி நின்று துளிரைக் கிள்ளி எறிந்தார்கள். அடுத்த மழையோடு காட்டுச் செடிகள் தாமாகவே முளைத்தன.

1983 பெப்ரவரி 18, மழையில்லாத இருபத்தாறாம் நாள். மாலை நாலரைக்குச் செபமாலை தகரத்தை வைத்தார். நிரம்ப ஐம்பத்தெட்டு செக்கன். எழுதிக்கொண்டிருந்தவரை வீரம்மா தோளால் ஒதுக்கினாள்.

"எழுதினது போதும்ண்ணே, தள்ளுங்க. தண்ணி வீணாப் போகுது" என்று குடத்தைப் பீலியின் கீழ் வைத்தாள். அவள் பின்னால் நான்கே குடங்கள்தான் இருந்தன. செபமாலை அதையும் எழுதிக்கொண்டார்.