காலைக் கட்ட முடியாத குதிரை

மாகாண விளையாட்டு அலுவலகத்தின் கோப்பில் தாவ் பெய்ரோங்கைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: "வயது இருபத்தாறு. பருத்தி மில் தொழிலாளி. அமைதியானவர், அடக்கமானவர், தேவையின்றிப் பேசமாட்டார்."

எழுதியவர் அவரைப் பார்த்ததே இல்லை. ஷிஜியாசுவாங் நகரில் அந்த மில்லின் தறிச் சத்தத்தை மீறிக் கேட்ட ஒரே குரல் பெய்ரோங்குடையது. மதிய இடைவேளையில் ஆண்கள் வாசலில் சீனச் சதுரங்கம் ஆட உட்காருவார்கள். இவர் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே நடுவில் புகுந்து, காய்களைப் பலகை அதிர அறைந்து, நாலு பேரைத் தோற்கடித்துவிட்டு வேலைக்குத் திரும்புவார்.

மேல்நாட்டுச் சதுரங்கம் ஆட மாகாணத்துக்குப் பெண்கள் தேவைப்பட்டபோது, அது தெரிந்த பெண் ஒருத்தியும் இல்லை. ஆகவே தெரியாதவர்களில் கெட்டிக்காரியைப் பிடித்தார்கள்.

எல்லாம் ஒரு மாதத்தில் படிந்துவிட்டது, குதிரையைத் தவிர. சீன ஆட்டத்தில் குதிரைக்கு முன்னால் ஒரு காய் நின்றால் அந்தப் பக்கம் அது போக முடியாது. காலைக் கட்டியாயிற்று என்பார்கள். புது ஆட்டத்தில் குதிரை எதையும் தாண்டும். இது பெய்ரோங்கின் புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. இதனாலேயே இரண்டு தேசியப் போட்டிகளில் தோற்றார்.

"ஏம்மா தாவ், அந்தக் குதிரைக்கு யாரு காலைக் கட்டினது?" என்றார் பயிற்சியாளர் நியே.

"பக்கத்துல சிப்பாய் நின்னா எனக்கு அது நொண்டியாத்தான் தெரியுது, சார். இருபது வருஷப் பழக்கம். நீங்க மட்டும் சிகரெட்டை விட்டுட்டீங்களா?"

நியே சிகரெட்டை அணைத்தார். தேநீர்க் குவளை மூடிகள் நான்கைக் குதிரையைச் சுற்றி வைத்து, தினமும் நூறு முறை தாண்ட வைத்தார்.

மூன்றாம் ஆண்டு அலுவலகம் முடிவாகச் சொல்லிவிட்டது: பட்டம், இல்லையென்றால் மில். மில் மேற்பார்வையாளர் கூ அக்கா வழியனுப்ப வந்தார். "உன் தறியை யாருக்கும் குடுக்கலடி, சின்ன தாவ். தொடச்சே வெச்சிருக்கேன்." அன்பாகத்தான் சொன்னார். பெய்ரோங்குக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

தேசியப் போட்டியின் கடைசிச் சுற்றில் எதிரே குவாங்சோவின் லியாங் யூன்ஹே. அவரும் சீன ஆட்டத்திலிருந்து வந்தவர். பெய்ரோங் ஜெயித்தால்தான் பட்டம். இருவர் கடிகாரத்திலும் சில நிமிடங்களே மிச்சம். பாயக் காத்திருந்த பெய்ரோங்கின் குதிரைக்கு நேர் முன்னால் யூன்ஹே ஒரு சிப்பாயைத் தள்ளினார்.

போச்சு, கட்டிட்டா என்று நினைத்த பெய்ரோங் யானையை எடுக்கக் கை நீட்டினார். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். விரல் படுவதற்கு முன் தற்செயலாக எதிரே பார்த்தார். யூன்ஹே நிம்மதியாகச் சாய்ந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். அந்த நிம்மதி பெய்ரோங்குக்கு நன்றாகத் தெரிந்ததுதான். இரண்டு வருடம் அதே நிம்மதியோடு உட்கார்ந்துதான் இவரும் தோற்றார். இவளுக்கும் நொண்டியாத்தான் தெரியுது!

குதிரை சிப்பாயைத் தாண்டி இறங்கியது. மேசை அதிர்ந்தது.

"தோழர், மெதுவா வையுங்க," என்றார் நடுவர்.

"தாண்டி வந்த வேகம், தோழர். மன்னிச்சுக்குங்க."

ராஜாவும் ராணியும் ஒரே குதிரையின் பிடியில். யூன்ஹேயின் குவளை பாதியில் நின்றது. "ஐயோ, காலைக் கட்டிட்டேன்னுல்ல நெனச்சேன்!"

"நானும் அப்படித்தான் நெனச்சேன், தங்கச்சி."

ராணியை இழந்த யூன்ஹே இன்னும் பதினோரு நகர்த்தல் போராடிவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார். தாவ் பெய்ரோங் அந்த ஆண்டு தேசிய மகளிர் பட்டத்தை வென்றார். அதற்குப் பின் மேலும் இரண்டு முறை வென்றார்.