ட்ரில்லில் சேர்க்காத அக்கா

அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே தீ விபத்து ட்ரில் நடக்கும். சைரன் ஊதினால் மாடியில் இருக்கும் நாங்கள் தையலை அப்படியே விட்டு, படியிறங்கி, கேட் பக்கத்தில் வரிசையாக நிற்க வேண்டும். நான் லிஸ்டைப் பார்த்து என் லைன் பெண்களை எண்ண வேண்டும். மேனேஜர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூன்று நிமிடத்துக்குள் இறங்கினால்தான் வெளிநாட்டு ஆர்டர் கிடைக்குமாம். உயிரைப் பற்றி அந்த மனுஷன் ஒரு நாளும் பேசியதில்லை.

என் லைனில் பொம்மிடியிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா ஒருத்தி இருந்தாள். போலியோவில் ஒரு கால் சூம்பியவள். காலர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. முதல் ட்ரில்லில் அவள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்க, பின்னால் வந்த கூட்டம் மொத்தமும் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்தம்மாவ அடுத்த தடவ மேலயே உக்காரச் சொல்லும்மா. லிஸ்ட்ல பேர எடுத்துரு."

கீழே பட்டன் செக்‌ஷனில் ஒரு மிஷின் காலியாகத்தான் கிடந்தது. அவளை அங்கே மாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததா? "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு அவள் பெயரை அடித்தேன்.

அக்கா கோபப்படவில்லை. "நல்லதாப் போச்சு பாப்பா. நீங்க போயி வெயில்ல காயுங்க, நான் ஃபேன் காத்துல இன்னும் நாலு காலர் வெச்சர்றேன்" என்று சிரித்தாள். அதன்பிறகு ஒவ்வொரு ட்ரில்லிலும் மூன்று நிமிடத்துக்குள் இறங்கினோம். மேனேஜர் லட்டு கொடுத்தார். வெட்கமில்லாமல் தின்றேன்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்குச் சைரன் ஊதியது. ட்ரில் என்றுதான் இறங்கினோம். கீழே வந்த பிறகுதான் தெரிந்தது, அயர்னிங் செக்‌ஷனில் ஸ்விட்ச் போர்டு எரிந்து புகை மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் எண்ணினேன். "எல்லாரும் இருக்காங்க சார்!" என்று கத்தினேன். மேனேஜர் சபாஷ் என்றார்.

மெயினை அணைக்க உள்ளே போன எலக்ட்ரீசியன்தான் மாடியில் இருமல் சத்தம் கேட்டு ஓடி, அவளைத் தோளில் போட்டுத் தூக்கிவந்தார். அவளுக்கு நினைவில்லை.

பிழைத்துவிட்டாள். ஆனால் நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். "ட்ரில்லுன்னு நெனச்சு தச்சிக்கிட்டே இருந்தேன் பாப்பா. பொக சூழ்ந்தப்புறம் எந்திரிச்சேன், படியே தெரியல" என்றாள். கொஞ்ச நேரம் மூச்சிரைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "நெசமான நெருப்புன்னு தெரிஞ்சதும் நீ மேல ஓடியாரப் பாத்திருப்ப. வுடாம புடிச்சிக்கிட்டாங்களா?"

"ஆமாக்கா, வுடல" என்றேன்.

யாரும் என்னைப் பிடிக்கவில்லை. லிஸ்டில் இருந்த எல்லாப் பெயருக்கும் ஆள் இருந்தது. எனக்கு அவள் நினைப்பே வரவில்லை.