சன்னாசி தனக்குத் தானே போட்ட மாலை

சன்னாசி அண்ணன் இடது கைப் பெருவிரலால் தன் மாமனாருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். மாமனார் போய் நாற்பது வருஷம். மாலை கைப்பேசிக்குள் இருந்தது. படத்தைத் தொட்டால் சுற்றிலும் மல்லிகைச் சரமும் கீழே இரண்டு குத்துவிளக்கும் வந்து உட்காரும். அவருடைய வலது கையை நான் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். வாதம் வந்த கை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போல அதை என்னிடம் விட்டிருந்தார்.

லாபு தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் ரப்பர் பால் லோரி ஓட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது பழைய ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீட்டில் இருக்கிறார். மனைவி இல்லை. மகள் திலகா நீலாயில் வேலைக்குப் போவதால் பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்திருக்கிறாள். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, பயிற்சி எல்லாம் நான் படித்துச் சான்றிதழ் வாங்கிய வேலை. குடும்பக் கதை கேட்பது பாடத்தில் இல்லை. அதையும் மூன்று வருஷமாகச் செய்கிறேன்.

அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தாறு பேர். யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிள்ளை, எந்தக் கிழவன் எந்த மரத்திலிருந்து விழுந்தான், எல்லாம் அண்ணன்தான் போடுவார். செத்தவர்களின் திதி நாளில் அந்த மாலைப் படமும் போடுவார். அந்த மாலைக்குள் வந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்பது நாற்பத்தாறு பேருக்கும் தெரியும்.

குழுவில் இல்லாத ஒரே ஆள் அவருடைய தங்கை பஞ்சாலை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் ஒரு பழைய கதையை எழுதிப் போட்டார். பதினெட்டு வயதில் பஞ்சாலை, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் மகன் சசிதரனோடு ஓடிப்போகப் பால் லோரியில் ஒளிந்துகொண்டாளாம். அண்ணன் கண்டுபிடித்து லோரியைத் திருப்பிக் குடும்ப மானத்தைக் காப்பாற்றினாராம். பஞ்சாலையின் பேரப்பிள்ளைகள் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டார்கள். “இனிமே அவன் பொணத்தப் பாக்கத்தான் வருவேன்” என்று சொல்லியனுப்பியவர், தான் இருக்கும் மந்தினிலிருந்து அரை மணி நேரப் பயணத்தை எட்டு வருஷமாகச் செய்யவில்லை. பஞ்சாலையின் மகன் முகுந்தன் வரும்போதெல்லாம் அண்ணன் கேட்பது ஒரே கேள்விதான்: “ஒங்கம்மா எதாச்சும் சொன்னாளா?” முகுந்தன், “பிரஷர் மாத்திர சாப்புட்டாங்க மாமா” என்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு எண்பது. திலகா கேக் வாங்கச் சிரம்பானுக்குப் போயிருந்தாள். மாமனாரை முடித்த கையோடு, தன் படத்தையும் அதே மல்லிகைக்குள் வைத்தார்.

“அளகா இருக்கில்ல, அகதா?”

நான் அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமல், “ராஜா மாதிரி இருக்கீங்க” என்றேன். என் பங்குத் தவறு அதுதான். படத்துக்குக் கீழே எதுவும் எழுதாமல் அனுப்பிவிட்டார். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோனது.

பத்து நிமிஷத்தில் திலகா என் கைப்பேசியில் அழுதாள். “அகதா ஆன்ட்டி, அப்பா எப்பப் போனாரு?”

“எங்கயும் போவலம்மா. கஞ்சிக்கு ஊறுகா கேக்குறாரு.”

அவள் உடனே குழுவில் மறுப்புப் போட்டாள். ஆனால் முகுந்தன் அதற்குள் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா, மடியில் ரோஜா மாலை, பிணத்துக்குப் போர்த்தப் புது வேட்டி.

வாசலிலேயே தொடங்கிவிட்டார் பஞ்சாலை. மாரில் அடித்துக்கொண்டு, “அண்ணே! கடைசியா ஒரு வார்த்த பேசாமப் போயிட்டியே! ஒன் மொகத்தப் பாக்க எட்டு வருசம்...” என்று உள்ளே வந்தார்.

அண்ணன் வாய் நிறையக் கஞ்சியோடு நிமிர்ந்தார். “வா பஞ்சால. சாப்ட்டியா?”

ஒப்பாரி பாதியில் நின்றது. கை மட்டும் இன்னொரு தடவை மாரில் அடித்தது.

“நீ சாவலையா?”

“இன்னும் இல்ல.”

“பின்ன எதுக்கு மாலையப் போட்டுக்கிட்ட?”

“பொறந்த நாளு.”

“முகுந்தா, கார எடு. பொணத்தப் பாக்க வந்தேன். பொணம் இல்ல. போவோம்.”

அண்ணன் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் நாற்காலியிலேயே சரிந்தார். “போவாத. நெசமா செத்தப்பறம் வந்து என்னா பண்ணப் போற? அப்ப நான் பேச மாட்டேன்லா.”

பஞ்சாலை நிற்கவில்லை. நான் குறுக்கே போய் நின்று அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினேன். நூற்றுத் தொண்ணூறு. “ஒரு மணி நேரம் உக்காந்துட்டுத்தான் போவணும். வழியில விழுந்தீங்கன்னா கொண்டாந்த வேட்டி ஒங்களுக்குத்தான் ஆவும்” என்றேன். உட்கார்ந்தார்.

பத்து நிமிஷம் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு பஞ்சாலை என்னிடம் பேசினார், அண்ணனுக்குக் கேட்கும்படி.

“நான் ஓடப் பாத்தது நெசந்தாம்மா. அத எழுதுனதுக்கு எனக்குக் கோவமில்ல. பால் பீப்பாக்கு நடுவுல சாக்கு விரிச்சு, ‘ஏறு, மந்தின் பஸ்ஸடியில எறக்கி விடுறேன்’னு சொன்னது யாரு? இந்த மானங்காத்த ராசாதான்.”

அண்ணன் கரண்டியை வைத்தார்.

“மந்தின் முச்சந்தி காப்பிக்கடையில ஒரு சைக்கிள் சாஞ்சிருந்துச்சு. அப்பாவோடதுன்னு நெனச்சு லோரியத் திருப்பிட்டாரு. அப்பா அன்னைக்குக் காய்ச்சலா வூட்டுல படுத்திருந்தாரு. அது யாரோ ஆள மேய்க்கிற மண்டோரோட சைக்கிளு. எறங்கிப் பாக்குறேன், இவரு காக்கிக் கால்சட்ட முன்னால நனஞ்சு கெடக்கு. சசிதரன் சாயங்காலம் வரைக்கும் பஸ்ஸடியில நின்னுருக்கான். அதயெல்லாம் யாரு எழுதுறது?”

முகுந்தன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

 தன் கதையில் அண்ணன் ஐம்பத்தைந்து வருஷமாக வீரர். “நனஞ்சது பாலு” என்றார்.

“பாலு வெள்ளையா இருக்கும்ணே.”

“சரி. அது பாலு இல்ல.” அப்புறம் மெதுவாக, “அப்பாவ நெனச்சா எனக்கு இன்னைக்கும் பயந்தான், பஞ்சால. ஒன்ன ஏமாத்திட்டேன்” என்றார்.

“எங்கிட்ட சொல்லி என்னா புண்ணியம்? அந்த நாப்பத்தாறு பேருகிட்ட சொல்லு. ஒன் வாயால சொல்லு.”

“இப்பவே சொல்றேன்.”

“இன்னைக்கு எவன் கேப்பான்? எல்லாரும் நீ சாவாததப் பத்திப் பேசிக்கிட்டிருப்பான். நாளைக்குக் காலையில. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தான் போவேன்.”

அப்படியாக, எட்டு வருஷம் வாசல் மிதிக்காதவர் அன்று ராத்திரி அண்ணன் வீட்டில் தங்கி, அவருடைய பிறந்தநாள் கேக்கில் பாதியைச் சாப்பிட்டார். தனக்கு இனிப்பு நீர் வியாதி இருப்பதை மறுநாள்தான் என்னிடம் சொன்னார்.

மறுநாள் ஏழு மணிக்கு நான் போனபோது அண்ணன் சவரத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். குளிப்பாட்டினேன். கைலியெல்லாம் ஊறப்போட்டிருந்ததால் அந்தப் புது வேட்டியைக் கட்டிவிட்டேன். பஞ்சாலை, “ஐயோ, பொணத்துக்கு வாங்கினதும்மா” என்றார். “பருத்தி நல்லா இருக்குக்கா” என்றேன். ரோஜா மாலை வாழைமரத்தடிக்குப் போனது.

அண்ணன் கைப்பேசியை வாயருகே பிடித்துப் பேசினார். சாக்கு, பீப்பாய், காப்பிக்கடை, சைக்கிள், லோரியைத் திருப்பியது, பஸ்ஸடியில் காத்திருந்த சசிதரன், எல்லாம் வந்தது. முடித்துவிட்டு அனுப்பப் போனார்.

பஞ்சாலை அவர் பெருவிரலைப் பிடித்துக்கொண்டார். “கால்சட்ட?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.