கரண்ட் இல்லாத ஊரில் இஃப், தென், எல்ஸ்

கரண்ட் இல்லாத ஊரில் கொம்பியூட்டர் படிப்பிக்கிற தொழிலை, அதைச் செய்தவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. செய்யாதவர்களுக்கு விளங்கப்படுத்தினாலும் நம்பமாட்டார்கள். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தால் குடாநாட்டில் கரண்ட் நின்றது. அதற்குச் சில மாதம் முன்புதான் பண்டத்தரிப்பில் எங்கள் ரியூட்டரி என்ற தனியார் வகுப்பு நிலையத்துக்கு ஒரு கொம்பியூட்டர் வந்து இறங்கியது. அதை நடத்திய டிறெக்டர் வகுப்பை நிறுத்தவில்லை. கரும்பலகையும் சோக்கும் இருக்க வேறென்ன வேண்டும் என்று சொல்லி, கொம்பியூட்டர் வகுப்பென்று ஊரெல்லாம் விளம்பர நோட்டீசும் ஒட்டினார். புரோகிராம் எழுதப் பழக்கும் ரீச்சராக அங்கே நாலு வருஷம் இருந்தேன். இப்படி எங்கேயாவது மாட்டுப்பட்டவர்கள் வாசித்து ஆறுதல் அடையட்டும்.

செருப்பு வெளியே

கொம்பியூட்டருக்குத் தூசி கூடாதாம். ஆகவே வகுப்புக்குள் செருப்புப் போடக்கூடாது என்று வாசலில் அறிவித்தல். மெஷினுக்கு மேல் வெள்ளைத் துணி போர்த்தி, அதற்கு மேல் டிறெக்டரின் மனைவி பின்னிய லேஸ் விரிப்பு. வெள்ளிக்கிழமைகளில் பூவும் வைப்பார்கள். ஒருவரும் தொடக்கூடாது.

அரசாங்கப் பங்கீட்டுச் சாமான் கொடுக்கிற சங்கக்கடையில் வேலை செய்கிற சிவபாலன் புதிதாகச் சேர்ந்த அன்று, அறிவித்தலை வாசித்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். போர்த்தியிருந்ததைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டான்:

“ரீச்சர், உது செத்து எத்தினை நாள்?”

பெயின்ரர் செய்த திருத்தம்

மெஷினைத் தொடாமல் எழுத்துத் தட்டப் பழகவேண்டுமே! கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற பெயின்ரர் ஒருவரை டிறெக்டர் பிடித்துவந்தார். மெஷினின் எழுத்துப் பலகையைக் காட்டி, அதைப்போல மட்டையில் இருபது கீறச் சொன்னார். மனுசன் ஒரு கிழமை மினக்கெட்டு வடிவாகக் கீறிக்கொண்டு வந்தார். ஏ, பி, சி, டி என்று அகரவரிசையில்! டிறெக்டர் கவனிக்கவில்லை, கைகொடுத்துப் பாராட்டினார். நான்தான் பிழையைக் காட்டினேன். பெயின்ரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பிழை உங்கடை மெஷினிலை ரீச்சர். எழுத்தெல்லாம் சிதறிக் கிடந்தது, நான்தான் ஒழுங்காக்கி விட்டனான்.”

முப்பத்தெட்டு

முதற்பாடம் நிபந்தனை. புள்ளி நாற்பது அல்லது அதற்கு மேல் என்றால் சித்தி, இல்லாவிட்டால் சித்தியில்லை: இஃப், தென், எல்ஸ். இதைப் படிப்பித்து முடித்து நான் வைத்த சோதனையில் டிறெக்டரின் மருமகனுக்கு முப்பத்தெட்டு. சித்தியில்லையென்றால் சான்றிதழ் இல்லை. டிறெக்டர் என்னைக் கந்தோருக்குள் கூப்பிட்டார்.

“ரண்டு புள்ளிதானே ரீச்சர்.”

“நாற்பது எண்டு நீங்கள்தானே சேர் போட்டனீங்கள்? முப்பத்தெட்டைக் குடுத்தா மெஷினும் ஃபெயில் எண்டுதான் சொல்லும்.”

வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. ஆனாலும் நான் பேனையைத் தொடவில்லை. கடைசியில் அவரே தன் கையால் முப்பத்தெட்டை வெட்டி நாற்பதாக்கினார். ஆக்கிவிட்டு, மிகவும் மனவருத்தத்தோடு சொன்னார்:

“மெஷினுக்கு ஆக்களைத் தெரியாது. உங்களுக்குத் தெரியுந்தானே ரீச்சர்?”

பூச்சியம்

ஒரு எண்ணைப் பூச்சியத்தால் பிரிக்கச் சொன்னால் மெஷின் பிழை காட்டி நின்றுவிடும். ஆகவே பிரிக்குமுன் ஒரு நிபந்தனை போட்டுப் பார்க்கவேண்டும். விளங்கட்டும் என்று சங்கக்கடையை உதாரணம் காட்டினேன்: சீனி நூறு கிலோ, வந்த குடும்பம் பூச்சியம், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு? வகுப்பே சிரித்தது. சிவபாலன் எழும்பினான்.

“எங்கடை கடையிலை மற்றப் பக்கம் ரீச்சர். குடும்பம் நானூறு, சீனி பூச்சியம். அதைக் குடுத்தா?”

“ஆளுக்குப் பூச்சியம் எண்டு விடை வரும்.”

“பிழை எண்டு காட்டாதோ?”

“காட்டாது. கணக்குப்படி அது சரி.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தான்.

“அப்ப உந்த மெஷினும் அரசாங்கத்தின்ரை ஆள்தான்.”

ஏழும் எட்டும்

பிள்ளைகளை நிற்பாட்டப் போகிறோம் என்று பெற்றோர் சொல்லத் தொடங்கியதும் டிறெக்டர் பயந்துபோனார். கலியாண வீடுகளுக்குப் போகிற ஜெனரேற்றர் ஒன்றை இரவல் வாங்கினார். மண்ணெண்ணெய்க்கு நாய்படாத பாடு பட்ட காலம் அது. வீட்டுக்குக் கால் போத்தலாகச் சேர்த்தோம். ஞாயிறு காலை, பிள்ளைகளும் பெற்றோருமாக நாற்பது பேருக்கு முன்னால், வகுப்புக்கென்று முதல்முறையாகத் துணி விலகியது.

வகுப்பில் கெட்டிக்காரி சுலோசனா. இரண்டால் பிரித்து மீதி பூச்சியமென்றால் இரட்டை, இல்லாவிட்டால் ஒற்றை என்று சொல்லும் புரோகிராமை அவள் பத்து நிமிடமாக எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினாள். ஏழைக் கொடுத்தாள். ஒற்றை என்று ஆங்கிலத்தில் திரையில் விழுந்தது. கைதட்டல்! டிறெக்டர் கண்ணைத் துடைத்தார். எட்டைக் கொடுத்தாள். ஜெனரேற்றர் இரண்டுமுறை இருமிவிட்டு நின்றது.

திரை கறுத்தது. சுலோசனா விம்மத் தொடங்கினாள். அவளின் தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர். பின்வரிசை வாங்கிலிருந்து எழும்பிச் சால்வையை உதறினார்.

“எட்டு இரட்டைதான். நான் சொல்லுறன், எல்லாரும் வீட்டை போங்கோ.”

கொழும்பில் சுலோசனா

அந்தச் சுலோசனா, தரைப்பாதை மூடிக்கிடந்ததால் கிளாலிக் கடலால் வள்ளமேறி, வழிநெடுகச் சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறி, கொழும்பில் ஒரு கம்பனிக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். மெஷினை எந்தச் சுவிச்சில் போடுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் கேட்டார்கள். மற்றவர்கள் படபடவென்று தட்ட, இவள் கொப்பியை விரித்தாள். எங்கள் வகுப்பில் செய்கிற மாதிரி ஒவ்வொரு வரியிலும் எந்த எண் என்ன ஆகிறதென்று பென்சிலால் எழுதி, தானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் தட்டினாள். முதல்தரத்திலேயே ஓடியது. இரண்டு எண்கள் சமமாக வந்தபோது மற்றவர்களுடையவை பிழைத்தன, இவளுடையது பிழைக்கவில்லை.

வேலை கிடைத்தது. மெஷினில் எவ்வளவு காலம் பழகினீர் என்று பரீட்சித்தவர் கேட்டாராம். தான் சொன்ன பதிலை எனக்குக் கடிதத்தில் எழுதியிருந்தாள்:

“மெஷினிலை பத்து நிமிசம் சேர். மெஷினா இருந்தது ரண்டு வருஷம்.”

நாலு வருஷத்தில் எங்கள் ரியூட்டரியில் கரண்ட் இல்லாமலே ஓடியவை இரண்டுதான்: பிள்ளைகளின் மூளையும், டிறெக்டரின் விளம்பர நோட்டீசும்.