பகலில் பூட்டாத வீடு

தாராவியில் எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால், உள்ளே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நாலு பேர் வந்து தட்டிவிடுவார்கள். வெளியூர் போனால்தான் பூட்டு. அந்தச் சாவியும் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் இருக்கும். அப்படிப்பட்ட சந்தில் கம்ப்யூட்டரைப் பூட்டிப் பூட்டியே நான் கெட்ட பெயர் வாங்கினேன்.

மருத்துவ இன்ஷூரன்ஸ் பேப்பர்களைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. குழந்தை சின்னது என்பதால் வீட்டிலிருந்தே செய்ய விட்டிருந்தார்கள். ஒரே நிபந்தனை, நாற்காலியை விட்டு எழுந்தால் திரையைப் பூட்ட வேண்டும். திரையின் அடியில் ஓடும் பட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் இருக்கும். அதை அமுக்கினால் திரை கறுத்துவிடும். பாஸ்வேர்டு போட்டால்தான் மறுபடி வரும். பூட்ட மறந்து ஒரு நோயாளியின் விவரம் வெளியே போனால் என் வேலை போய்விடும். வெளியே போய் வேறு வேலை பார்க்க அப்போது எனக்கு வழியே இல்லை.

எங்கள் வீடோ ஒரே அறை. மேஜைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து என் நாத்தனார் பர்ஸுக்குச் சொல்யூஷன் தடவி ஒட்டிக்கொண்டிருப்பாள். டீ போட எழுந்தால்கூட நான் பூட்டுவதைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இந்த வீட்டுல திருடி யாரு மதினி, நானா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

ஆபீஸ் ரூல் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் ரோஷம் உண்டு. அதற்கப்புறம் அவள் காதில் விழுகிற மாதிரியே மவுஸை டக்கென்று அமுக்குவேன்.

அன்று மத்தியானம் குழந்தைக்கு வயிறு கெட்டு, உடம்பெல்லாம் பூசிக்கொண்டது. அள்ளிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வீட்டிலிருந்து விடுவிடுவென்று வந்தார். என்னைப் பார்த்தும் பேசாமல் தன் வீட்டுக்குள் போய்விட்டார். அப்போதுதான் பூட்டாதது ஞாபகம் வந்தது. திரையில் இருந்தது அடுத்த சந்துப் பெண் ஒருத்தியின் கேஸ். பெயர், விலாசம், நோய் டிபி என்பது வரை எல்லாம் பளிச்சென்று தெரியும்.

ஈரக் குழந்தையோடு உள்ளே ஓடினேன். திரை கறுப்பாக இருந்தது. மவுஸைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று சொல்யூஷன் ஒட்டியது.

நாத்தனார் தலை நிமிராமல் பர்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தாள். விஷயம் மெதுவாகத்தான் வந்தது. அக்கா வழக்கம்போல உள்ளே வந்து, வீட்டில் இருக்கும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். திரையில் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்ட ஆரம்பித்திருக்கிறார். இவள் எழுந்து போய், நான் தினமும் அமுக்குகிற படத்தை அமுக்கிவிட்டாள். அக்கா பெயரைக்கூட முழுதாகப் படித்து முடிக்கவில்லை. ஆனால் அமுக்கப் போனவள் கண்ணில் எல்லாமே பட்டுவிட்டது. அக்கா கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அக்காவை எதற்குப் பகைத்துக்கொண்டாய், இந்தப் பூட்டே உனக்குப் பிடிக்காதே என்று கேட்டேன். அவள் பிரஷ்ஷை டப்பாவில் போட்டாள்.

"எனக்கும் டிபி வந்துச்சு மதினி, நீங்க கல்யாணமாகி வாரதுக்கு முந்தி. மருந்து சாப்பிட்டுச் சரியாப் போச்சு. ஆனா ஆஸ்பத்திரில பேப்பரப் பாத்த ஒருத்தி சந்துல வந்து சொல்லிட்டா. மாப்ள வீட்டுக்காரங்க பூ வைக்க வரவே இல்ல."

அவள் கல்யாணம் நின்றதற்கு, ஜாதகம் பொருந்தவில்லை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குழந்தையோடு அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. துண்டை எடுத்துக் குழந்தையின் தலையைத் துவட்டினாள்.

"அந்த அடுத்த சந்துப் பிள்ளைக்கு வார வெள்ளிக்கிழமை பூ வைக்காவ," என்றாள். "அதுவாச்சும் நடக்கட்டும்."