கால் பட்டுவிட்டது

பார்க்கத்தான் வந்தேன், இப்போது பாயில் மல்லாந்து கிடக்கிறேன். இத்தாலியின் பலெர்மோவில், பல்லரோச் சந்தையின் மீன்கடை ஒன்றுக்கு மேல்மாடியில் நடக்கிற ஜியு-ஜிட்சு மல்யுத்த வகுப்பு இது. என் மேல் இருப்பவள் மன்னார்க்காரி ரெஜினா. வயதான சின்யோரா ஒருத்தியைப் பராமரிப்பது அவள் வேலை. என் தோளுயரம்கூட இல்லை.

"ஜப்பானில வாள் தவறின சாமுராய்மாருக்கு உண்டான பிடி, அக்கா. கப்பலேறி பிரேசிலுக்குப் போனது. மெலிஞ்ச ஆக்களும் நிலத்தில கிடந்தே வெல்லலாமெண்டு அங்கைதான் கண்டுபிடிச்சவை. இப்ப மீன்கடைக்கு மேலயும் வந்திட்டுது," என்று கதைத்தபடியே என்னை நசுக்குகிறாள்.

திமிறுகிறேன். என் கால் அவள் தோளில் பட்டுவிடுகிறது. பதறிப்போய், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டுகிறேன்.

நீட்டிய கை திரும்பி வரவில்லை. அதை இழுத்துப் பூட்டி, தன் காலை என் கழுத்துக்குக் குறுக்கே போடுகிறாள். முழங்கை முறியும் போலிருக்கிறது. மற்றக் கையால் பாயைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். விடுகிறாள்.

"எங்கட ஆக்கள் எல்லாரும் முதல் நாள் இப்பிடித்தான் தோக்கிறவை. நானும்தான்."

"அப்ப கால் பட்டால் நீங்கள் கும்பிடுறேல்லையோ?"

"ஏன் இல்லை?" என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். "வெண்டாப் பிறகு."