அப்பாதுரையின் நூறு சதவீதம்

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கும் அப்பாதுரைக்கு எதுவும் நிறைந்திருக்க வேண்டும். அவர் வாங்கிய மின்சாரக் காரின் பேட்டரியும் அப்படித்தான். வீட்டிலிருந்து அலுவலகம் ஐந்து கிலோமீட்டர். அந்த மாபெரும் பயணத்துக்காகத் தினமும் மாலையில் வேலூர் ரோட்டிலுள்ள வேக சார்ஜருக்குப் போய், திரையில் நூறு தெரியும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். பௌர்ணமியன்று கிரிவலத்துக்கு வந்த வெளியூர்க் கார்கள் வரிசை கட்டி நிற்கும்போதும் தொண்ணூற்றெட்டில் எழுந்தவர் என்ற பழிச்சொல் அவருக்கு வந்ததில்லை. பகலெல்லாம் வண்டி வெயிலில் நிற்கும். நிழலில் விட்டால் யார் கண்ணில் படும்?

எதிர்வீட்டு ஆசிரியை கன்னியம்மாள் அதே காரை வாங்கி, வீட்டிலேயே மெதுவாக ஏற்றி, எண்பதில் நிறுத்திக்கொண்டார்.

"இன்னா டீச்சர், கரண்ட்டுலகூட சிக்கனமா?"

"புக்குல போட்டிருக்குது சார். டெய்லி ஃபுல்லா ஏத்துனா பேட்டரி சீக்கிரம் வீக்காயிடுமாம். தூரமா போற அன்னிக்கு மட்டும் நூறு வச்சுக்கலாம்."

"புக்கு எழுதுனவனா கார் ஓட்டப் போறான்?"

அந்தப் புத்தகம் அவர் காரிலும் இருந்தது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், பத்திரமாக.

நான்கு வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு கல்யாணம். தெருவே கிளம்பியது. திண்டிவனத்தில் அவர் மனைவி சரோஜா, "மீட்டர் கம்மியா காட்டுதுங்க, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமே" என்றார். புதிதில் இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஓடிய வண்டி என்று அப்பாதுரை விளக்கினார். சரோஜா கேட்டுக்கொண்டார்; வண்டி கேட்கவில்லை. செங்கல்பட்டில் ஏசியை அணைத்தார்கள். வண்டலூருக்குச் சற்று முன்னால் வண்டியே அணைந்தது.

பின்னால் வந்த கன்னியம்மாள் இருவரையும் ஏற்றிக்கொண்டார். பட்டுவேட்டி சரசரக்க முன்சீட்டில் உட்கார்ந்த அப்பாதுரை அவருடைய மீட்டரைப் பார்த்தார். அதில் இன்னும் முப்பது சதவீதம் இருந்தது. மண்டபம் வரும்வரை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். கன்னியம்மாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

லாரியில் ஏறி ஊர் வந்த காரை மெக்கானிக் இளஞ்செழியன் சோதித்தான்.

"பேட்டரி ஹெல்த் எழுபத்தாறு சார். டெய்லி வேக சார்ஜ், டெய்லி நூறு, அதோட வெயில்ல நிறுத்துனது. போனது போனதுதான். இனிமே ஜாஸ்தி கெடாம பாத்துக்கலாம்."

"வாரண்டி?"

"எழுபதுக்குக் கீழ போனாத்தான் சார்."

அப்பாதுரை யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஏத்தட்டுமா?" என்றார்.

இளஞ்செழியன் வண்டிக்குள் உட்கார்ந்து, சார்ஜ் எண்பதில் நிற்கும்படி மாற்றிக் கொடுத்தான்.

இப்போது அலுவலகத்தில் யார் மின்சாரக் கார் பேச்சை எடுத்தாலும் அப்பாதுரை கோப்பை மூடிவைத்துவிட்டு அரைமணி நேரம் வகுப்பெடுக்கிறார். இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்டால், "நானா கண்டுபுடிச்சது" என்கிறார்.